குதிரைக்குப் பூச்சிக்கடியும் தினவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை தொடங்கியதும் குதிரை வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றைத்தான்: தூணிலும் மரத்திலும் வாலைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குதிரையை என்ன செய்வது? அதையும் அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை. அது குதிரையை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியது.

குதிரைக்கு உடம்பு முழுக்கத் திடீரென்று தடிப்பு வந்துவிட்டது. அவசரமா?

தடிப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூச்சைப் பாருங்கள். குதிரையால் நம்மைப் போல வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. அதனால் மூக்குத் துளை, முகம், தொண்டைப் பக்கம் வீங்கினாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, குதிரை தள்ளாடினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கும் அழைக்கலாம். தேனீக் கூட்டமோ கடந்தையோ கொட்டியது தெரிந்தால் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூச்சு சீராக இருக்கிறது, தீனி எடுக்கிறது, வெறும் தடிப்புதான் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அமுங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரால் கழுவி, காற்றோட்டமான நிழலில் கட்டுங்கள். சேணம் படும் இடத்தில் தடிப்பு இருந்தால் அது வற்றும்வரை சவாரி வேண்டாம். முந்தின நாள் புது மருந்து, புதுத் தீவனம் ஏதாவது கொடுத்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பூச்சி கடிக்காமலும் தடிப்பு வரும்.

தடிப்பு எதுவும் இல்லை. ஆனால் வாலையும் பிடரியையும் ஓயாமல் தேய்க்கிறது. இது என்ன?

இந்தப் பக்கத்தின் முக்கால்வாசி இந்த ஒரு தொல்லையைப் பற்றியதுதான். கியூலிகாய்டஸ் என்ற பொடிப்பூச்சி கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. சில குதிரைகளின் உடம்பு அந்த எச்சிலை ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வாமையாகிவிடுகிறது. வால் அடி, பிடரி மயிரின் வேர், சேணத்துக்கு முன்னால் உள்ள தோள்மேடு, அடிவயிற்றின் நடுக்கோடு, முகம், காது ஆகியவைதான் அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். தினவு தாங்காமல் குதிரை கிடைத்ததில் எல்லாம் உரசும். மயிர் ஒடியும், தோல் உரியும், சில ஆண்டுகளில் அந்த இடம் தடித்து மடிப்பு மடிப்பாகிவிடும்.

ஆங்கிலத்தில் இதை ஸ்வீட் இட்ச் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து இட்ச் என்று பெயர். அங்கே 1950களில் ரீக் என்ற ஆய்வாளர், இந்தத் தோல் நோய்க்குக் காரணம் கியூலிகாய்டஸ் கடியால் வரும் ஒவ்வாமைதான் என்று காட்டினார். அழுக்கு, சூடு, கொள்ளு அதிகமானது என்று நம் ஊரில் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இதற்கு வேர் அல்ல. குதிரைக்காரர் சரியாகத் தேய்த்துவிடவில்லை என்று அவர்மேல் பழி போடுவதும் நியாயமில்லை.

அப்படி ஒரு பூச்சியை நான் லாயத்தில் பார்த்ததே இல்லையே?

பார்ப்பது கஷ்டம்தான். அதன் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கொசு மாதிரி காதில் ரீங்காரமும் போடாது. பெண் பூச்சி மட்டும்தான் கடிக்கும். அந்தி சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் மொய்ப்பது அதிகம், காற்றில்லாத புழுக்கமான இரவிலும் விடாது. ஈரச் சேறு, வயல் ஓரம், மக்கும் இலைச்சருகு, மாட்டுச் சாணம் போன்ற இடங்களில் முட்டையிட்டுப் பெருகும்.

செம்மறி ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால் இதன் கைவரிசை தெரியும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தமிழ்நாட்டு ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இதே கியூலிகாய்டஸ்தான். உங்கள் பகுதியில் நீலநாக்கு வரும் பருவம் எதுவோ, குதிரையின் தினவு கூடும் பருவமும் ஏறக்குறைய அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சரியாகப் பறக்கத் தெரியாத பூச்சி, லேசான காற்று அடித்தாலே அதனால் குதிரைமேல் உட்கார முடியாது. கீழே சொல்லப்போகிற தடுப்பு வழிகளில் பாதி இந்தப் பலவீனத்தை நம்பித்தான்.

ஒரே லாயத்தில் நான்கு குதிரைகள். ஒன்றுக்கு மட்டும் ஏன் வருகிறது?

நான்கையும்தான் பூச்சி கடிக்கிறது. ஒவ்வாமை உள்ளது ஒன்று மட்டும். இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, எந்த வயதில் முதல் கடி பட்டது என்பதற்கும் பங்கு உண்டு.

இதற்கு ஐஸ்லாந்துக் குதிரைகளைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தத் தீவில் நெடுங்காலம் கியூலிகாய்டஸ் இருந்ததில்லை, 2015இல்தான் முதல்முறையாகத் தென்பட்டது. வெளியிலிருந்து குதிரையை உள்ளே விடுவதில்லை என்பது அங்கே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வழக்கம், வெளிநாடு போன குதிரையும் திரும்பி வர முடியாது. இப்படிப் பூச்சியையே அறியாமல் வளர்ந்த குதிரைகளை ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளுக்கு விற்கிறார்கள். பூச்சி அதிகமுள்ள இடங்களில் இறங்கிய குதிரைகளில் பாதிக்கோ அதற்கு மேலேயோ இரண்டு மூன்று கோடைகளுக்குள் இந்தத் தோல் நோய் வந்துவிடுகிறது. ஆனால் அதே இனத்துக் குதிரை ஐரோப்பாவில் பிறந்து, குட்டியிலேயே கடிபட்டு வளர்ந்தால் நோய் வருவது மிகக் குறைவு. இனம் ஒன்று, பூச்சியும் ஒன்று, மாறியது முதல் கடி பட்ட வயது மட்டும்தான்.

நம் ஊரிலும், குளிர்ந்த வறண்ட இடத்தில் வளர்ந்த குதிரையை வயல்வெளிப் பக்கம் கொண்டுவந்த பிறகு தொல்லை தொடங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். பொதுவாக மூன்று நான்கு வயதில் தலைகாட்டும். முதல் ஆண்டு லேசாக வந்துபோகும், அடுத்தடுத்த ஆண்டுகளில் முன்னதாகத் தொடங்கி அதிக நாள் நீடிக்கும்.

மற்ற குதிரைக்கோ எங்களுக்கோ தொற்றுமா?

தொற்றாது. தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குதிரைகள் சொறிய ஆரம்பித்தால் இது ஒவ்வாமை என்று முடிவு கட்டாதீர்கள். பேன், சொறிப்பூச்சி, படர்தாமரை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும்.

வால் தேய்த்தாலே பூச்சிக்கடிதானா?

இல்லை. வால் அடியை மட்டும் தேய்த்துப் பிடரி சுத்தமாக இருந்தால் குடலில் உள்ள ஊசிப்புழு காரணமாக இருக்கலாம். அது ஆசனவாயைச் சுற்றி முட்டையிட்டு அரிப்பை உண்டாக்கும். அந்த இடத்தில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை தெரியும், சாணப் பரிசோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் அரித்துக் காலைத் தரையில் உதைத்தால் சொறிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். முதுகில் பொருக்குப் பொருக்காக மயிர் கொத்தோடு பிய்ந்து வந்தால் அது மழையில் நனைவதால் வரும் பாக்டீரியாத் தொற்று, அதில் தினவு குறைவு.

கழுத்திலும் அடிவயிற்றிலும் அரிப்பை உண்டாக்கும் ஆங்கோசெர்கா என்ற நுண்புழுவும் உண்டு. அதைப் பரப்புவதும் கியூலிகாய்டஸ்தான், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஐவர்மெக்டின் கொடுத்தால் இந்தப் புழுவின் குஞ்சுகள் சாகும், அரிப்பும் அடங்கும். ஆனால் அதே மருந்து பூச்சிக்கடி ஒவ்வாமைக்கு உதவாது.

ஒவ்வாமை என்று சொல்ல வலுவான தடயம் பருவம்தான். மழையோடு வந்து வறட்சியில் அடங்கி, மறு ஆண்டும் அதே மாதத்தில் வந்தால் ஏறக்குறைய உறுதி. ஆண்டு முழுக்க ஈரமாக இருக்கும் இடங்களில் இந்தத் தடயம் மங்கிவிடும்.

சரி, என்னதான் செய்வது?

பூச்சிக்கும் குதிரைக்கும் நடுவில் எதையாவது வையுங்கள். இதில் செலவழிக்கும் காசுதான் பலன் தரும் காசு என்பது என் கருத்து. பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்குபவர்கள் ஒரு மின்விசிறி மாட்டத் தயங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

மின்விசிறிதான் முதல் வேலை. குதிரை நிற்கும் இடத்தில் உடம்பு முழுக்கக் காற்று படும்படி நல்ல வேகமுள்ள விசிறியை, வாய்க்கு எட்டாத உயரத்தில், ஒயர் தொங்காமல் மாட்டுங்கள். மாலையில் வெயில் இறங்கும் முன்பே குதிரையை உள்ளே கொண்டுவந்து, காலையில் வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். லாயத்துக்குள் இரவெல்லாம் டியூப் லைட் எரிய வேண்டாம், பூச்சி வெளிச்சத்துக்கு வரும். விளக்கு வேண்டுமென்றால் தள்ளி வெளியே போடுங்கள்.

அடுத்தது வலை. சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக இந்தப் பூச்சி சுலபமாக நுழைந்துவிடும். காய்கறி நாற்றங்கால் குடிலுக்குப் போடும் 40 மெஷ் பூச்சித் தடுப்பு வலை விவசாயப் பொருள் கடைகளில் கிடைக்கும், அது போதும். ஆனால் அவ்வளவு நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும், நம் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் வலை மட்டும் கட்டினால் குதிரை வெந்துபோகும். வலை என்பது பணக்கார லாயத்தின் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். 2020இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரைநோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் செத்தன. அதைப் பரப்புவதும் கியூலிகாய்டஸ்தான். அப்போது அங்கே லாயம் லாயமாக வலை போட்டு மூடினார்கள். 1960 வாக்கில் அந்த நோய் இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறது.

உடம்பை மூடும் மெல்லிய போர்வைகள் வெளிநாடுகளில் நன்றாகப் பயன்படுகின்றன. கழுத்து, வயிறு, வால் அடி எல்லாம் மறையும்படி தைத்திருப்பார்கள். குளிர்நாட்டுக்கு ஏற்ற அந்தத் துணி நம் வெயிலில் ஒத்துவராது. மெல்லிய வலைத்துணியில் தையற்காரரிடம் தைத்து, அந்தியிலும் இரவிலும் மட்டும் போடலாம். போர்வைக்குள் வியர்த்து நனைகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

பெர்மெத்ரின் கலந்த, குதிரைக்கென்றே விற்கும் பூச்சித் தடுப்பு மருந்துகள் உதவும். பூசும் இடைவெளியைச் சீட்டில் பார்த்துக் கடைப்பிடியுங்கள். லாயத்தில் பூனை இருந்தால் கவனம், பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

லாயத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் குழி, ஒழுகும் தொட்டி, லத்திக் குவியல் ஆகியவற்றை அகற்றுங்கள். மாட்டுக் கொட்டகை ஒட்டியே இருந்தால் குதிரையைத் தள்ளிக் கட்ட முடியுமா என்று பாருங்கள். பக்கத்திலேயே வயல் இருக்கிறது என்றால் சுத்தத்தால் மட்டும் ஆகாது, விசிறிதான் துணை.

இதையெல்லாம் அரிப்பு தொடங்கிய பிறகு செய்தால் பாதிப் பலன்தான். ஐப்பசியில் அடைமழை என்றால் புரட்டாசியிலேயே விசிறியும் வலையும் தயாராக இருக்க வேண்டும். தினவு ஒருமுறை ஏறிவிட்டால், அதன்பின் நாலைந்து கடியே போதும், குதிரை தூணைத் தேடிப் போகும்.

வேப்பிலைப் புகை போடலாமா?

புகை இருக்கும்வரை பூச்சி குறையும், உண்மைதான். ஆனால் மூடிய லாயத்தில் தினமும் புகை போட்டால் குதிரையின் நுரையீரல்தான் கெடும். குதிரைக்கும் ஆஸ்துமா மாதிரி நோய் உண்டு, தூசியும் புகையும் அதைக் கிளப்பும். வைக்கோல் பக்கத்தில் நெருப்பு என்பது வேறு கவலை. திறந்தவெளியில், காற்று வரும் பக்கம் கொஞ்ச நேரம் மூட்டம் போடுவதில் தவறில்லை.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து மீதம் இருக்கிறது. அதையே பூசலாமா?

வேண்டாம். குறிப்பாக அமிட்ராஸ் உள்ள மருந்தைக் குதிரைக்குப் பயன்படுத்தவே கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்காகச் சாதாரணமாக வாங்கும் மருந்துதான் அது. ஆனால் குதிரையின் குடல் அசைவை நிறுத்தி, சாணம் இறுகி, உயிரை வாங்கும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். பாட்டிலில் சீட்டு கிழிந்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், தொடாதீர்கள். மண்ணெண்ணெய், கழிவு என்ஜின் ஆயில் பூசும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. அது தோலை வேகவைத்துப் புதுப் புண்ணைத்தான் தரும்.

வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், பூண்டு?

எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தோலில் இந்தப் பொடிப்பூச்சி உட்காரத் தடுமாறும், காய்ந்து வெடித்த தோலும் இளகும். அதனால் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். வேப்பெண்ணெயை அதோடு கலந்து, முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள், சில குதிரைகளுக்குத் தோல் சிவந்துவிடும். வெயிலில் வேலை செய்யும் குதிரைக்குப் பகலில் எண்ணெய் பூசாதீர்கள். தினமும் கழுவினால் தினமும் பூச வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பூண்டு வேறு கதை. வியர்வையில் வாடை வந்து பூச்சி ஓடும் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். அதிகமாக, தொடர்ந்து கொடுத்தால் குதிரையின் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரும். நிச்சயமில்லாத பலனுக்கு நிச்சயமான ஆபத்து எதற்கு?

மருத்துவர் ஒரு ஊசி போட்டார், இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மாதாமாதம் அதையே போட்டால் என்ன?

அது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். தினவு எல்லை மீறும்போது அதுதான் வேகமான வழி, மருத்துவர் போட்டதில் குறையில்லை. ஆனால் அது பூச்சியை நிறுத்தவில்லை, உடம்பின் எதிர்ப்பை அடக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அடிக்கடி போட்டால் தொற்றுகள் சுலபமாக வரும், புண் ஆறுவது தாமதமாகும். குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகும் அபாயமும் உண்டு, உடல் பருத்த குதிரைக்கு அது கூடுதல். சினையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பந்தயத்தில் ஓடும் குதிரை என்றால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டும், எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று கேட்டே ஆக வேண்டும்.

செட்ரிசின் போன்ற மாத்திரைகள் மனிதருக்கு வேலை செய்கிற அளவு குதிரைக்குச் செய்வதில்லை. சில குதிரைகளில் கொஞ்சம் தணியும், பலவற்றில் ஒன்றும் தெரியாது. ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் தடுப்பூசிக்காகப் பல ஆண்டுகளாக முயன்றுவருகிறார்கள். நம் கடையில் வாங்கும் நிலைக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

பகலில் பெரிய ஈக்கள் கடிக்கின்றன. அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு. வீட்டு ஈ மாதிரியே இருந்து, காலைக் குத்திக் கடித்து, குதிரையைக் காலை உதறவைப்பது கடிக்கும் லாய ஈ. மூத்திரத்தில் ஊறி அழுகிய வைக்கோலில் அது பெருகும், படுக்கையைத் தினமும் மாற்றினாலே பாதி குறையும். ரத்தம் சொட்டச் சொட்டக் கடிக்கும் பெரிய மாட்டு ஈ வெயில் நேரத்தில், மரமும் தண்ணீரும் உள்ள இடத்தில் அதிகம். இங்கிலாந்தில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட போர்வை அணிந்த குதிரைமேல் இந்தப் பெரிய ஈக்கள் குறைவாகவே இறங்கின. சிரிப்பாக இருந்தாலும் செய்து பார்க்கலாம், செலவு ஒரு துணிதான்.

இந்த ஈக்களிடம் அரிப்பைவிடப் பெரிய ஆபத்து சர்ரா நோய். ஈயின் வாயில் ஒட்டி ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ரத்த ஒட்டுண்ணி அது. 1880இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, வெளுத்த ஈறு, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் ஆகியவை அதன் அடையாளம். இந்த வீக்கத்தைப் பூச்சிக்கடி என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் குதிரை கைவிட்டுப் போய்விடும். காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிவிட்டது. எப்படி ஆற்றுவது?

உப்பு கலந்த கொதித்தாறிய நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, மருத்துவர் தரும் களிம்பைப் போடுங்கள். மேலே ஈ உட்காராதபடி மருந்து தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு வைத்துவிடும். புழு வைத்த புண்ணில் நீங்களே எதையும் ஊற்றாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். புண் ஆறாமல் சதை மேலெழும்பி, உள்ளே அரிசிக் குருணை மாதிரி மஞ்சள் துணுக்குகள் தெரிந்தால் அது ஈ கொண்டுவந்து விட்ட வயிற்றுப்புழுவின் குஞ்சால் வரும் புண். அதற்குக் குடற்புழு மருந்தும் சேர்ந்தால்தான் ஆறும். உரசும் இடத்தில் ஆணி, கம்பி நுனி இருக்கிறதா என்று லாயத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

குதிரை வாங்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையையே எடுத்துக்கொள்வோம். அது ஆடியில் கூடுகிறது. அம்மியும் பறக்கும் என்று சொல்லும் அந்தக் காற்றில் இந்தப் பொடிப்பூச்சிக்கு வேலை குறைவு, மழைக்கும் இன்னும் நாள் இருக்கும். அதனால் அங்கே பளபளவென்று நிற்கும் குதிரை, ஐப்பசியில் உங்கள் தூணைப் பெயர்க்கலாம்.

சுழி பார்க்க அரை மணி நேரம் செலவழிக்கும் நாம் வாலைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பிடரி மயிரை விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். தோல் தடித்து வரிவரியாக இருக்கிறதா? வால் அடியில் மயிர் ஒடிந்து புதிதாக முளைத்த குட்டை மயிர் குச்சி குச்சியாக நிற்கிறதா? பழைய புண் ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் இருக்கிறதா? பிடரியை மொட்டையாகக் கத்தரித்திருந்தால் அழகுக்காக என்பார்கள், ஏன் என்று கேளுங்கள். கடந்த கார்த்திகையில் எடுத்த படம் ஏதாவது கைப்பேசியில் இருக்கிறதா என்று கேட்பது இன்னும் நல்லது. இருந்தாலும் வாங்குவேன் என்றால் வாங்கலாம், விலையில் விசிறிக்கும் வலைக்கும் உள்ள செலவைக் கழித்துப் பேசுங்கள்.

இந்தத் தொல்லை உள்ள பெண்குதிரையைச் சினைக்குச் சேர்க்கலாமா?

லேசாக வந்து போகிறது என்றால் யோசிக்கலாம், அப்போதும் ஆண்குதிரைக்கு இந்தக் குறை இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புண்ணாகும் அளவுக்கு வருகிறது என்றால் வேண்டாம். ஆண்குதிரைக்கு இருந்தால் இன்னும் கண்டிப்பாக வேண்டாம், அது ஒரே பருவத்தில் பல குட்டிகளுக்குத் தகப்பனாகிவிடும்.